ஒரு நாள், ஓர் இன்ஜின்: ரயில் அருங்காட்சியகம் போய்வர முழுமையான வழிகாட்டி

ரயில் அருங்காட்சியகம் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “நிறைய இன்ஜின் இருந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெருசு!” என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் யோசிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாக நிற்கும் கொட்டகையில் வண்டிக்கு இரண்டு நிமிடம் என்று பங்கு வைத்துக்கொண்டு நடந்தால், ஐந்தாவது வண்டிக்குள் எல்லாமே கறுப்பு இரும்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சாயங்காலம் கால் வலிதான் மிச்சம்.

நானும் பல தடவை அப்படிச் சுற்றியவன்தான். இப்போது வேறு மாதிரி போகிறேன். கிளம்புவதற்கு முன்பே ஒரே ஓர் இன்ஜினைத் தேர்ந்தெடுத்துவிடுவேன். எந்தத் தேதி, எத்தனை மணி, பையில் என்ன என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். மற்ற வண்டிகளையும் பார்ப்பேன், ஆனால் கடமைக்காகப் பார்க்க மாட்டேன். இந்த வழிகாட்டி அந்த முறையில்தான் போகிறது.

முதல் வேலை: எந்த இன்ஜின்?

பெரும்பாலான அருங்காட்சியகங்கள் தங்களிடம் உள்ள வண்டிகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு விதி கிடையாது. வேகம் பிடிக்கும் என்றால் இங்கிலாந்தின் யார்க் நகரத்துத் தேசிய ரயில் அருங்காட்சியகத்தின் ‘மல்லார்ட்’ போல ஒன்று. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட வண்டி அது. நீராவி இன்ஜின்களில் இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அந்த ஓட்டத்திலேயே நடு சிலிண்டருக்கான தண்டின் பேரிங் சூடேறிக் கெட்டுப்போய், வண்டியைப் பீட்டர்பரோவில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இது தெரிந்து போனால், எல்லோரும் அதன் வழவழப்பான நீல மூக்கைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் குனிந்து சக்கரங்களுக்கு இடையே அந்த நடு சிலிண்டரின் தண்டு எங்கே என்று தேடுவீர்கள்.

பிரமாண்டம்தான் வேண்டும் என்றால் அமெரிக்காவின் ‘பிக் பாய்’. 1941 முதல் 1944 வரை 25 வண்டிகள் கட்டினார்கள். 8 மிஞ்சியிருக்கின்றன. கரியையோ எண்ணெயையோ தண்ணீரோடு சுமந்து பின்னால் வரும் டெண்டரோடு சேர்த்து நீளம் சுமார் 40 மீட்டர், இழுக்கும் சக்கரங்கள் மட்டும் 16. விநோதம் பிடிக்கும் என்றால் டெல்லியின் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயில்: ஒரு பக்கம் தண்டவாளத்தில் ஓடும், மறுபக்கம் ஒரு பெரிய சக்கரம் தரையில் உருண்டு வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியைப் பார்க்க வேண்டும் என்றால் ஜப்பானின் கியோட்டோ. அங்கே 1914-ல் கட்டிய வட்டக் கொட்டகையும், இன்ஜினை ஏற்றிச் சுற்றித் திருப்பும் டர்ன்டேபிளும் இன்றும் வேலை செய்கின்றன.

குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட நீராவி இன்ஜினை விட்டுவிட்டுப் பனி தள்ளும் வண்டியையோ மஞ்சள் நிற கிரேனையோ காட்டுவார்கள். சரி என்று விட்டுவிடுங்கள். அவர்கள் கேட்ட வண்டி என்றால் அன்று முழுக்க அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள்.

சக்கரக் கணக்கு

தேர்ந்தெடுத்த பிறகு வீட்டிலேயே ஒரு சின்னப் பாடம். நீராவி இன்ஜின்களை 4-6-2, 2-8-2 என்று எண்களால் சொல்வார்கள். முன்னால் உள்ள சின்னச் சக்கரங்கள், நடுவில் இழுக்கும் பெரிய சக்கரங்கள், பின்னால் உள்ள சின்னச் சக்கரங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும். 4-6-2 என்றால் ‘பசிஃபிக்’, மல்லார்ட் அந்த வகை. 2-8-2 என்றால் ‘மிக்காடோ’. 1897-ல் அமெரிக்காவின் பால்ட்வின் தொழிற்சாலை ஜப்பானுக்காகக் கட்டிய வண்டிகளால் வந்த பெயர் அது. பிக் பாய் 4-8-8-4, இழுக்கும் சக்கரங்கள் இரண்டு தொகுதி என்பதால் நடுவில் இரண்டு எண்.

இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பிரான்சில் சக்கரத்தை எண்ணாமல் அச்சை எண்ணுவார்கள், அதனால் அதே பசிஃபிக் அங்கே 231. ஜப்பானில் எழுத்து வரும்: டி51 என்றால் ‘டி’ நான்காவது எழுத்து, நான்கு இழுக்கும் அச்சுகள். இந்தியாவில் எழுத்து வேறொன்றைச் சொல்லும்: டபிள்யூபி என்றால் அகலப்பாதையில் ஓடும் பயணிகள் வண்டி இன்ஜின். இவ்வளவு தெரிந்தால் போதும், பக்கவாட்டில் எழுதியிருப்பதை வைத்தே வண்டியைப் பற்றிப் பாதி தெரிந்துகொள்ளலாம். பெரிய சக்கரமும் மூன்று இழுக்கும் அச்சும் என்றால் வேகமாக ஓடிய பயணிகள் வண்டி. சின்னச் சக்கரம் நிறைய என்றால் மெதுவாகப் பாரம் இழுத்த சரக்கு வண்டி. உள்ளே நுழைந்ததும் குழந்தைகளிடம் இதை ஒரு விளையாட்டாகக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது: அது அங்கே இருக்கிறதா?

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஓர் இன்ஜினுக்காகவே அதிகாலையில் எழுந்து, இரண்டு ரயில் மாறிப் போய் நின்றேன். அது நிற்க வேண்டிய தண்டவாளம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் நீளமாக ஓடியது, பக்கத்தில் ‘பராமரிப்புக்காக வெளியே சென்றுள்ளது’ என்று ஒரு அட்டை. பட்டியலில் பெயர் இருந்தது, வண்டி இல்லை. தப்பு என்னுடையதுதான், ஒரு போன் செய்திருக்கலாம்.

அருங்காட்சியக வண்டிகள் நாம் நினைப்பதைவிட அதிகமாக ஊர் சுற்றுகின்றன. 1829-ல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த இன்ஜின் போட்டியில் வென்ற ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ 1862 முதல் லண்டனில் இருந்தது. 2018-ல் அங்கிருந்து கிளம்பி நியூகாசில், மான்செஸ்டர், யார்க் என்று சுற்றி, பிறகு வட இங்கிலாந்தின் ஷில்டனுக்குப் போனது. பழைய தகவலை நம்பி லண்டனுக்குப் போனவர் ஏமாந்திருப்பார். 2013-ல் மல்லார்டின் சாதனைக்கு 75 ஆண்டு ஆனபோது அதே வகையில் மிஞ்சிய ஆறு இன்ஜின்களையும் யார்க்கில் ஒன்றாக நிறுத்தினார்கள். அதில் ஒன்று அமெரிக்காவிலிருந்தும் ஒன்று கனடாவிலிருந்தும் கப்பலில் வந்தன. அந்தக் காலத்தில் அந்த இரண்டு ஊர் அருங்காட்சியகங்களிலும் இடம் காலிதானே! கலிஃபோர்னியாவின் பொமோனாவில் அரை நூற்றாண்டு அசையாமல் நின்ற 4014 எண் பிக் பாய் இன்று அங்கே இல்லை. ரயில் நிறுவனமே திரும்ப வாங்கிப் பழுது பார்த்து 2019-ல் ஓட விட்டுவிட்டது.

ஓடும் நிலையில் இருக்கும் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாய்லருக்குக் காலவரம்பு இருக்கிறது. பிரிட்டனில் பொதுவாக 10 ஆண்டு. அமெரிக்காவில் 15 ஆண்டு அல்லது 1,472 வேலை நாள், எது முதலில் வருகிறதோ அது. அந்தத் தேதி வந்துவிட்டால் வண்டியை அக்கக்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் மறுபடி சேர்க்க ஆண்டுக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் அந்த உதிரிப் பாகங்களைச் செய்த தொழிற்சாலைகளே இன்று இல்லை.

அதனால் போன் செய்யுங்கள், அல்லது மின்னஞ்சல் எழுதுங்கள். “இன்ன எண் இன்ஜின் நான் வரும் தேதியில் பார்வைக்கு இருக்குமா, மேலே ஏறிப் பார்க்க விடுவீர்களா?” என்று எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: அது அசலா, நகலா? ஜெர்மனியின் முதல் நீராவிப் பயணிகள் ரயிலை 1835-ல் இழுத்த ‘ஆட்லர்’ இன்று இல்லை. இருப்பது 1935-ல் செய்த நகல், அதுவும் 2005-ல் கொட்டகை தீப்பிடித்து எரிந்தபோது சேதமாகி மறுபடி செப்பனிட்டது. நகல் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. ராக்கெட் விஷயத்தில் நகல்தான் 1829-ல் ஓடிய மஞ்சள் வண்டியைக் காட்டும். அசல் ராக்கெட் ஓடிய காலத்திலேயே நிறைய மாற்றங்களைப் பார்த்துவிட்டது, அதனால் படத்தில் கண்ட வண்டியை எதிர்பார்த்துப் போகிறவர்கள் அதன் முன்னால் நின்றுகொண்டே ராக்கெட் எங்கே என்று தேடுகிறார்கள்.

வாராந்திர விடுமுறை, கடைசி நுழைவு நேரம், முன்பதிவு வேண்டுமா, உள்ளே சாப்பிட இடம் உண்டா என்பதையும் அதே போனில் கேட்டு முடித்துவிடலாம். மூடும் நேரமும் கடைசி நுழைவு நேரமும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது: நீராவி நாளா, சும்மா நாளா?

பெரிய நீராவி இன்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஏழெட்டு மணி நேரம் கூட ஆகும். அவசரப்பட முடியாது. பாய்லரின் தகடுகளும் குழாய்களும் சீராகச் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் இணைப்புகள் கசிய ஆரம்பிக்கும். காலை பத்து மணிக்கு ஒரு இன்ஜின் விசில் ஊத வேண்டும் என்றால், யாரோ ஒருவர் இருட்டிலேயே வந்து நெருப்பு மூட்டியிருக்கிறார். இதனால்தான் எல்லா நாளும் ஓட்ட மாட்டார்கள். குறிப்பிட்ட சில நாட்களை அறிவிப்பார்கள்.

அந்த நாளில் போனால் சத்தம், வாசனை, அதிர்வு எல்லாம் கிடைக்கும், கூடவே கூட்டமும். இன்ஜினுக்குள் ஏறக் கால் மணி நேரம் வரிசை, ஏறினால் அரை நிமிடத்தில் “அடுத்தவருக்கு வழி விடுங்கள்.” என் கணக்கு இது: குழந்தைகளோடு முதல் தடவை போகிறீர்கள் என்றால் கண்டிப்பாக நீராவி நாள். ஓர் இன்ஜினை நிதானமாகப் படிக்கப் போகிறீர்கள் என்றால் வார நாள், அதிலும் பள்ளிச் சுற்றுலாக்கள் கிளம்பிவிடும் மதியத்துக்கு மேல். இரண்டும் வேண்டும் என்றால் நீராவி நாளில் கதவு திறக்கும்போதே போய் நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் உங்களுக்குச் சொந்தம்.

சவாரிக்குப் பெரும்பாலும் தனிச் சீட்டு. போனதும் முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள். தூரத்தைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். கியோட்டோவிலேயே போகவர ஒரு கிலோமீட்டர், பத்து நிமிடம், அவ்வளவுதான். வறண்ட கோடையில் தீப்பொறி பயத்தால் நீராவிக்குப் பதில் டீசல் இன்ஜினைப் பூட்டிவிடுவதும் உண்டு, அதனால் முந்தின நாள் ஒருமுறை அறிவிப்பைப் பாருங்கள்.

நான்காவது: பை

காலணி மூடியதாக, அடிப்பாகம் வழுக்காததாக இருக்க வேண்டும். தரையில் ஜல்லி, தண்டவாள இடுக்கு, எண்ணெய் பூசிய இரும்புப் படி எல்லாம் இருக்கும். உடை பருத்தியாக இருந்தால் நல்லது, வெளுப்பு நிறம் வேண்டாம். கரித்தூள் பொறியாகப் பறந்து வரும் இடத்தில் நைலான் ஓட்டை விழும். திறந்த பெட்டியில் சவாரி என்றால் சாதாரணக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் விழும் கரித்துகள் அந்த நாளையே கெடுத்துவிடும். சின்னக் குழந்தைகளுக்குக் காது மூடி கட்டாயம், பக்கத்தில் நின்று கேட்டால் அந்த விசில் சங்கீதமாக இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சின்ன டார்ச். யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நீராவி இன்ஜினில் பார்க்க வேண்டிய பாதி விஷயம் இருட்டுக்குள் இருக்கிறது. போன் வெளிச்சம் போதாது, அதோடு அடுப்புக்குள் போனை நீட்டித் தவறவிட்டால் எடுப்பது பெரும் பாடு. ஈரத்துணி அல்லது பழைய கைக்குட்டை ஒன்று, தண்ணீர், சின்ன நோட்டு. போதும்.

ஐந்தாவது: இன்ஜினுக்கு முன்னால்

கால் ஓயாத நேரத்திலேயே நேராக உங்கள் இன்ஜினிடம் போங்கள். வழியில் மற்றவை இழுக்கும், அப்புறம் வருகிறேன் என்று தாண்டிவிடுங்கள். முக்கால் மணி நேரம் இதற்கே.

முதலில் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் ஒரு சுற்று சுற்றுங்கள். சக்கரத்தை எண்ணுங்கள். பக்கத்தில் நின்று உங்கள் தோள் எந்த உயரத்துக்கு வருகிறது என்று பாருங்கள். அடுத்த சுற்றில் பலகையைப் படிக்கலாம்.

இப்போது ஒரு சோதனை. பெரிய சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் தடித்த ஊசி ஒன்று இருக்கும். அது கடிகார முள் போல எந்தப் பக்கம் நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே, ஆறு மணியில் நிற்கிறது என்று வைப்போம். அப்படியே சுற்றி மறுபக்கம் போய் அதே சக்கரத்தைப் பாருங்கள். அங்கே அது கீழே இருக்காது. மூன்று மணியிலோ ஒன்பது மணியிலோ, கால் சுற்று தள்ளி நிற்கும். ஒரு பிஸ்டன் கடைசிவரை போய் நின்றுவிட்ட நொடியில் அதனால் சக்கரத்தைத் திருப்ப முடியாது. அந்த நொடியில் மறுபக்கத்துப் பிஸ்டன் நடுவில், முழுப் பலத்தோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஸ்டேஷனில் நின்ற இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். இது இரண்டு சிலிண்டர் வண்டிகளுக்கு. மல்லார்ட் போல மூன்று சிலிண்டர் என்றால் கால் சுற்றுக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கு சுற்று. நான் இதைப் படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து பார்த்த அன்றுதான் புரிந்தது.

அதே ரகசியம் சத்தத்திலும் இருக்கிறது. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் நீராவி தள்ளும், ஆக ஒரு சுற்றுக்கு நான்கு ‘சுக்’. ஓடும் வண்டியில் நான்கு சுக்குக்கு ஒரு சுற்று என்று எண்ணிப் பாருங்கள். நான்கும் சமமாக விழாமல் நொண்டினால், வால்வு சரியாகப் பொருத்தப்படவில்லை என்று பழைய ஆட்கள் காதாலேயே சொல்லிவிடுவார்கள்.

முன்பக்கம் வாருங்கள். வட்டக் கதவு திறந்திருந்தால் உள்ளே டார்ச் அடியுங்கள். தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். அடுப்பின் சூடான புகை அந்தக் குழாய்கள் வழியே ஓடி வருகிறது, சுற்றிலும் தண்ணீர். ராக்கெட் மற்ற வண்டிகளை முந்தியதற்கு ஒரு பெரிய காரணம் அதற்கு இப்படி 25 குழாய்கள் இருந்தது. கீழே நடுவில் புகைபோக்கியைப் பார்த்தபடி ஒரு குழாய் நிற்கும். வேலை முடித்த நீராவி அது வழியாக மேலே பீறிடும்போது புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்பில் பின்னால் அடுப்பில் காற்று புகுந்து நெருப்பு கொழுந்துவிடும். பாரம் அதிகமானால் வண்டி அதிக நீராவியைத் துப்பும், நெருப்பும் தானாகவே அதிகமாக எரியும். அடுப்பை ஊத ஆள் வேண்டாம்.

அப்புறம் மேலே, டிரைவர் நிற்கும் இடத்துக்கு. ஏணியைப் பார்த்தபடி ஏறுங்கள், இறங்கும்போதும் ஏணியைப் பார்த்தபடிதான், முதுகைக் காட்டி இறங்கக் கூடாது. இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், கேமரா கழுத்தில். பூட்டியிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் பாய்லரைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் பொதிந்திருந்தார்கள், அகற்றாத வண்டிகளில் ஏற விடமாட்டார்கள்.

உள்ளே அடுப்பு மூஞ்சியில் ஐம்பது திருகுகளும் குழாய்களும் இருக்கும், திகைத்துப் போவீர்கள். மூன்றை மட்டும் தேடுங்கள். மேலே நீண்ட கைப்பிடி, நீராவியைத் திறந்துவிடுவது. பெரிய திருகோ நெம்புகோலோ ஒன்று, முன்னே போவதா பின்னே போவதா என்று தீர்மானிப்பது. காரின் கியர் செய்கிற வேலையையும் கிட்டத்தட்ட அதுவே பார்க்கும். மூன்றாவது, கண்ணாடிக் குழாய். அதில் தெரியும் தண்ணீர் மட்டம்தான் டிரைவர், நெருப்பு போடுபவர் இருவரின் உயிர். அடுப்பின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் இருந்தாக வேண்டும். மட்டம் இறங்கினால் கூரைத் தகடு பழுத்து, அழுத்தம் தாங்காமல் உள்ளே நொறுங்கும், அதுதான் பாய்லர் வெடிப்பு. அதனால்தான் அந்தக் கண்ணாடி அநேகமாக இரண்டு இருக்கும். கூரையில் ஈயம் ஊற்றிய அடைப்பு ஒன்றும் வைத்திருப்பார்கள், தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி நீராவி அடுப்புக்குள் சீறி எச்சரிக்கும். ஓடுகிற வண்டியில் அழுத்தம் நிறைந்த பாய்லருக்குள் புதிதாகத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாரிடமாவது கேளுங்கள். 1858-ல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிஃபார்டு கண்டுபிடித்த இன்ஜெக்டரைக் காட்டுவார்கள்: பாய்லரின் சொந்த நீராவியை வைத்தே அந்தப் பாய்லருக்குள் தண்ணீர் தள்ளுகிற கருவி. எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு அது கொஞ்சம் மோசடி மாதிரியேதான் இருக்கிறது.

இறங்கும் முன் தேய்மானத்தைப் பாருங்கள். எந்தக் கைப்பிடி பளபளக்கிறது, தரைத்தகட்டில் எங்கே குழிந்திருக்கிறது, ஜன்னல் விளிம்பில் முழங்கை வைத்த இடம் எது. கீழே வந்து தண்டுகளில் டார்ச் அடித்தால் சில இடங்களில் எண் குத்தியிருப்பது தெரியும். அது வண்டியின் எண்ணாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஷெட்டில் ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவது சாதாரணம். உங்கள் இன்ஜினின் காலில் வேறொரு வண்டியின் எண் இருந்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது: ஆட்களைப் பிடியுங்கள்

நீலச் சட்டை போட்டுக்கொண்டோ, எண்ணெய்க் கறை படிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டோ ஓரமாக ஒருவர் நிற்பார். பல இடங்களில் அவர் ஓய்வுபெற்ற ரயில்காரர், சம்பளம் இல்லாமல் வருகிறவர். “இதன் வேகம் எவ்வளவு?” என்று கேட்காதீர்கள், பலகையில் இருக்கிறது. “நீங்கள் ரயிலில் என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். அதற்கு அப்புறம் நீங்கள் பேச வேண்டிய தேவையே இருக்காது. நேரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல்

வெயில் ஏறும்போது திறந்த வெளி வேண்டாம். வெயிலில் நின்ற இரும்பைத் தொட்டால் கை பொத்துப்போகும். சாப்பிட்டுவிட்டு உள் கூடத்துக்குப் போங்கள். கூட்டம் தாண்டிப் போகும் கண்ணாடிப் பெட்டிகள் அங்கேதான் இருக்கும்.

கெட்டி அட்டையில் கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழைய டிக்கெட் இருக்கும். தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1830-களின் கடைசியில் கொண்டுவந்த வடிவம். அதுவரை ஒவ்வொரு பயணிக்கும் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அட்டையில் வரிசை எண் அச்சிட்டு வைத்ததும் எத்தனை டிக்கெட் விற்றது என்று மாலையில் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, காசு ஒளித்துவைக்க வழியில்லாமல் போனது. அதே அளவு டிக்கெட் உலகம் முழுக்க ஒன்றரை நூற்றாண்டு ஓடியது.

பக்கத்தில் டோக்கன் கருவி இருந்தால் விடாதீர்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் இருக்க, அந்தப் பகுதிக்கு ஒரே ஒரு டோக்கன் வெளியே வரும். அதைக் கையில் வைத்திருக்கும் டிரைவர் மட்டுமே உள்ளே போகலாம். இரண்டு ஸ்டேஷன் கருவிகளும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருக்கும், ஒன்று வெளியே இருக்கும்போது இரண்டாவது வராது. கைகாட்டி நெம்புகோல்கள் உள்ள அறையை இயக்க விட்டால் குழந்தைகளை விடுங்கள். ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கைகாட்டிகளை ஒரே நேரத்தில் இறக்க முயன்றால் இரண்டாவது நெம்புகோல் அசையாது. பலம் போட்டு இழுப்பார்கள், இழுக்கட்டும்.

டீசலையும் மின்சார வண்டிகளையும் நான் கொஞ்சம் வேகமாகத்தான் தாண்டுவேன், அது என் குறை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஜப்பானின் அதிவேக ரயிலான ஷிங்கான்சென்னில், 1964-ல் ஓடத் தொடங்கிய வகைப் பெட்டி ஒன்று யார்க்கில் இருக்கிறது. மல்லார்ட் சாதனை செய்தபிறகு 26 ஆண்டுதான் இடைவெளி. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் இந்தப் பக்கமும் கொஞ்சம் நேரம் கொடுக்கத் தோன்றும்.

பெரியவர்கள், சக்கர நாற்காலி

பழைய பெட்டிகளின் கதவு குறுகல், படி உயரம். சக்கர நாற்காலி ஜல்லியில் போகாது. பல இடங்களில் சில பெட்டிகளுக்கு மட்டும் பிளாட்ஃபாரம் உயரத்தில் வழி இருக்கும், எவை என்று முதல் போனிலேயே கேளுங்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு டர்ன்டேபிள் பக்கத்து பெஞ்சு நல்ல இடம். நாம் வண்டிகளைத் தேடிப் போகிறோம், அங்கே உட்கார்ந்திருப்பவர்களிடம் வண்டிகளே வரும்.

படம்

கறுப்பு இரும்பு கேமராவை ஏமாற்றும். தானியங்கியில் விட்டால் பின்னணி வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்துவிடும், வண்டியில் விவரம் தெரியாது. வண்டியின் மேல் ஒளியை அளந்து எடுங்கள். பக்கவாட்டுத் தண்டுகள் கீழே இறங்கி நிற்கும் நிலையில் எடுத்தால் சக்கரங்கள் தெளிவாகத் தெரியும், ரயில் படம் எடுப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஸ்டாண்டு வைக்க அனுமதி கேளுங்கள். முழு வண்டிப் படம் ஒன்று போதும், மீதியைத் தேய்ந்த கைப்பிடிகளுக்கும் குத்திய எண்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அரை மணி

எல்லோரும் கடைப்பக்கம் நகரும் நேரத்தில் நீங்கள் கொட்டகைப்பக்கம் போங்கள். நீராவி நாள் என்றால் அப்போதுதான் வண்டியை உறங்க வைக்கும் வேலை ஆரம்பிக்கும். கியோட்டோவில் கடைசிச் சவாரி முடிந்ததும் இன்ஜின் கரியும் தண்ணீரும் நிரப்பிக்கொண்டு, டர்ன்டேபிளில் மெதுவாகச் சுற்றித் தன் இடத்துக்குப் பின்னோக்கிப் போவதைப் பார்க்கலாம். வேறு இடங்களில் சாம்பல் குழியில் நெருப்பை இறக்குவார்கள். வேலி தாண்டி நிற்காதீர்கள், காற்று வீசும் திசையிலும் நிற்காதீர்கள்.

நீராவி இல்லாத நாள் என்றால் உங்கள் இன்ஜினிடம் இன்னொரு முறை பத்து நிமிடம். காலையில் பார்த்தபோது கண்ணில் படாத ஏதாவது ஒன்று இப்போது தெரியும். வண்டி எண், கட்டிய தொழிற்சாலை, ஆண்டு மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டியவர் பெயர் பித்தளைத் தகட்டில், சக்கரத்துக்கு மேலேயோ புகைக்கூண்டின் பக்கத்திலோ இருக்கும். கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள், சோப்பு இரண்டு தடவை போட வேண்டியிருக்கும். சட்டையில் பட்ட கறுப்பு மசியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், பரவும். வீட்டுக்குப் போய் பாத்திரம் கழுவும் திரவத்தை மேலே விட்டு அரை மணி ஊற வைத்து, அப்புறம் துவையுங்கள்.